வாய் மூடாத மொடம்

1

நேற்று எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியியலாளன் ஒருவன் தன் வேலையை என்னிடம் காட்டினான். ஒழுங்கான பையன், வேலையும் ஒழுங்கு. ஒரேயொரு இடத்தில், சோதனைக்காகப் போட்ட வரியொன்றை எடுக்காமல் விட்டிருந்தான். எடுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "ஒரு வரி கூடுதலாக எழுதிவைத்தால் யாருக்கு என்ன கெடுதல்? யார் அதையெல்லாம் வாசிக்கப்போகிறார்கள்?" என்று கேட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் அவனுக்கு விளங்கியிருக்காது. "எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். மிச்சத்தை ஜேர்மன் மொழியில் சொல்ல எனக்கு வாய் வராது. ஊரிலுள்ள உங்களுக்கு எழுதுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் மன்னார்க்காரர் இருந்தால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கிக்கொள்வார்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். கணினியோடு பிரிண்டரையோ, தொலைபேசிக் கம்பியால் தகவல் அனுப்பும் மொடத்தையோ பொருத்தினால், இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். அதை டிரைவர் என்பார்கள். அதை எழுதும்போது நாங்கள் அதைப் புலம்பவிடுவோம். "இதை வாங்கினேன், அதைக் கொடுத்தேன், இந்த எண்ணைச் சுழற்றினேன்" என்று ஒவ்வொரு அசைவையும் அது ஒரு கோப்பில் எழுதும். பிழை எங்கே என்று பிடிக்க அது உதவும். வேலை முடிந்ததும், சந்தைக்கு அனுப்புமுன், அதன் வாயை மூடவேண்டும். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

எங்கள் கொம்பனி விற்ற மொடம் ஒன்றின் டிரைவருக்கு வாயை மூடவேயில்லை. மறதியால் அல்ல. மூடவேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் மூடாமல் விட்டார்கள்.

2

நான் உயிலங்குளத்தில் பிறந்தவள். வயலும் குளமுமான ஊர். என் காலத்தில் அதன் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வந்தது சோதனைச்சாவடிதான். மன்னார் ரவுணுக்குப் போக பாஸ் வேண்டும், வரப் பாஸ் வேண்டும். வரிசையில் நிற்கவேண்டும். பையைக் கவிழ்த்துக் கொட்டவேண்டும். டோர்ச் பற்றரி இருந்தால் அதற்கொரு விசாரணை.

ஒருநாள் என் பைக்குள் இருந்த கடிதம் ஒன்றை ஆமிக்காரன் எடுத்தான். ஜேர்மனியிலிருந்து, இப்போது என் கணவராக இருப்பவர் எனக்கு எழுதிய கடிதம். கலியாணம் பேசி முடிந்திருந்த நேரம். ஆமிக்காரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற தமிழன் ஒருவனிடம் கொடுத்தான். அவன் அதை உரத்து வாசித்தான். எனக்கு முன்னாலும் பின்னாலும் வரிசையில் நின்ற ஊர்ச்சனம் முழுக்கக் கேட்டது. சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். சிலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசித்து முடித்ததும் அவன் கடிதத்தை ஒழுங்காக மடித்து, "பிரச்சினை இல்லை, போகலாம்" என்றான்.

அந்த "பிரச்சினை இல்லை" இன்றைக்கும் என் காதில் புழுப்போல நெளிகிறது.

ஜேர்மனிக்கு வந்தபின் இங்கேயும் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தேன். பிறந்த இடத்தின் பெயரை எழுத்துப் பிழையோடு பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்தப் போனபோது, "அப்படியொரு ஊர் இருப்பதற்கு அத்தாட்சி கொண்டுவாருங்கள்" என்றாள் ஒருத்தி. என் கணவரின் நீண்ட பெயரை வெட்டி என்னை "பிராவ் சிவா", அதாவது திருமதி சிவா, ஆக்கினார்கள். அதெல்லாம் எரிச்சல். அருவருப்பு வேறு. அது எனக்கு நான் வேலைசெய்யும் இடத்தில்தான் கிடைத்தது.

3

என் தங்கை வதனி மன்னார் ரவுணில் சிறிய நிவாரணக் கந்தோர் ஒன்றில் வேலைசெய்தாள். ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், மழைக்கு ஒழுகும் கூரை. மடுப் பக்கம் சண்டை மூண்டிருந்த காலம். மன்னார்த் தீவில் இருப்பவர்களின் பிள்ளைகள் பலர், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பக்கம் அகப்பட்டிருந்தார்கள். பாதை இல்லை. நேரே தொலைபேசியில் பேசவும் முடியாது. அதனால் சனம் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தது. அங்கிருப்பவர் வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரருக்கு எப்படியாவது எடுத்துச் சொல்லுவார். சொந்தக்காரர் அதை மின்னஞ்சலாக வதனிக்கு எழுதுவார். வதனி தாய் தகப்பனுக்கு வாசித்துக் காட்டுவாள். மறுமொழியும் அதே வழியால் போகும்.

அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் செல்வராணி அம்மா. கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வயலில் கூலிவேலை. வாசிக்கத் தெரியாது. அவருடைய ஒரே மகள் வெள்ளாங்குளத்தில் கலியாணம் முடித்து, கைக்குழந்தையோடு அங்கேயே அகப்பட்டுப்போனாள். சுவிஸில் இருந்த மாமன் அவளுக்கும் தாய்க்கும் நடுவில் நின்று செய்தி கடத்தினான்.

வதனியின் பழைய மொடம் பழுதானபோது, எங்கள் கொம்பனியின் மொடம் ஒன்றை என் மேலாளரிடம் கேட்டேன். பெயர் ஹார்ட்மன். சந்தோஷமாகக் கொடுத்தார். "யுத்தப் பிரதேசத்தில் எங்கள் மொடம்! படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், விளம்பரத்துக்கு ஆகும்" என்றார். அப்போது எனக்கு அதுகூடப் பெரிதாகக் குமட்டவில்லை. நான் பிரிண்டர்ப் பிரிவு. அந்த மொடத்தின் டிரைவர் எந்த லட்சணத்தில் வெளியே போகிறது என்று எனக்குத் தெரியாது. கொழும்புக்கு வந்துபோன தெரிந்தவர் ஒருவர் மூலம் அது மன்னாருக்குப் போய்ச்சேர்ந்தது.

4

சில மாதம் போக ஹார்ட்மன் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள்.

"உங்கள் தங்கையின் கந்தோரிலிருந்து முறைப்பாடு வந்திருக்கிறது. தகவல் சேமிக்கும் வட்டு நிரம்பிக் கொம்பியூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். கையேட்டில் சொன்னபடி பதிவுக் கோப்பின் கடைசித் துண்டை அனுப்பியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். இதைப் பாருங்கள், எழுத்துச் சிதைகிறது. இது எந்த மொழியும் இல்லை. உங்கள் நாட்டுத் தொலைபேசிக் கம்பி மோசம்போல."

இடப்பக்கம் முழுக்க எண்கள். வலப்பக்கம் அந்த எண்களுக்குரிய ஆங்கில எழுத்துகள், துண்டு துண்டாக. நான் வாசித்தேன். எந்த மொழியும் இல்லையாம். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் அது.

"அம்மா நாங்க சுகம். பங்கருக்குள்ள தண்ணி வந்திட்டுது. சின்னவனுக்குக் காய்ச்சல். ஒண்டும் யோசியாதேங்கோ."

அதன் கீழே வதனி அனுப்பிய மறுமொழி. செல்வராணி அம்மாவின் முழுப்பெயர், அவர் இருக்கும் ஒழுங்கை, மகளோடு பேச மாமன் பாவிக்கும் தொடர்பு எண், எல்லாம்.

மொடம் தன்னைக் கடந்துபோன ஒவ்வொரு எழுத்தையும் எழுதி வைத்திருந்தது. மன்னாரில், அந்தக் கந்தோருக்குள், ஆர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பில். வந்தவர் போனவர் எல்லோருடைய கதையும் மாதக்கணக்காக அங்கே குவிந்து கிடந்தது. வட்டு நிரம்பாமல் என்ன செய்யும்?

ஆமி சந்தேகப்பட்டால் கொம்பியூட்டரைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போகும். வன்னியோடு தொடர்பு என்று ஒரு சொல் போதும். ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் வெள்ளை வான்கள் ஓடித்திரிந்த காலம்.

"இது சிதைவு இல்லை. இது சனங்களின் கடிதங்கள். ஏன் இந்த டிரைவர் இதையெல்லாம் எழுதுகிறது?" என்று கேட்டேன்.

"பேசும் அளவு உச்சத்தில் விடப்பட்டிருக்கிறது. முறைப்பாடு வந்தால் காரணத்தை உடனே பிடிக்கலாம். எங்களுக்குச் செலவு குறைவு."

"இதனால் ஆட்களைக் கொண்டுபோய்விடுவார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிராவ் சிவா, அது அரசியல். நாங்கள் மொடம் விற்கிறோம்."

தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

5

அன்று பின்னேரம் வீட்டில் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். என் மகன் ஆதவன் பள்ளிக்கூடத்தால் வந்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அழுது குழறி நின்றுவிட்டான். எங்களோடு தமிழில் ஏதாவது எழுதினால் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவான். திரும்பிப் பார்த்தால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வாசிக்கிறான். என் பிள்ளை விரும்பி வாசித்த முதல் தமிழ் அதுதான்.

"அம்மா, பங்கர் எண்டால் எங்கட ஸ்கூலுக்குக் கீழ இருக்கே, பழைய சண்டைக்காலத்தது, அதுவா?"

"ஓம். அது மாதிரிப் பதுங்குகுழி."

"அங்க ஏன் தண்ணி? பம்ப் போடலாம்தானே?"

தாளைப் பறித்தேன். பிள்ளையில் பிழையில்லை. ஆனால் யாரோ ஒரு பெண் தன் தாய்க்குச் சொன்னதை நானும் வாசித்து, ஹார்ட்மனும் பார்த்து, இப்போது என் மகனும் வாசிக்கிறான். தாளைக் கிழித்துக் குசினிக் குப்பைக்குள் போட்டேன். பிறகும் மனம் கேட்காமல், துண்டுகளைப் பொறுக்கி எடுத்து எரித்தேன்.

6

வதனிக்கு வழிமுறையை மின்னஞ்சலில் எழுத முடியாது. எழுதினால் அதையும் அந்த மொடம் எழுதி வைக்கும். தொலைபேசியில்தான் சொல்லவேண்டும். தொலைபேசியையும் ஆராவது கேட்கலாம். மதிய இடைவேளையில் கொம்பனியின் பின்படிக்கட்டில் இருந்துகொண்டு எடுத்தேன்.

"வதனி, மொடத்துக்குக் கதை கூடிப்போச்சு. வாயை மூடவேணும். முதல்ல லொக்கை அழி."

"பூட்டையோ? நான் ஒண்டும் பூட்டேல்லையே அக்கா."

"அந்த லொக் இல்லையடி. எழுதி வைக்கிற கோப்பு. நீ கொம்பனிக்கு அனுப்பினியே, அது."

"அதோ? அது சும்மா நம்பர்தானே?"

"வலப்பக்கத்தை வாசிச்சனியோ?"

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கோப்பைத் திறந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு அவளுடைய குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா... இது எல்லாம் கிடக்கு. எல்லாரும் கிடக்கினம்."

"ஓம். பழைய பிரதிகளும் இருக்கும். அதுகளையும் அழி. நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுறன், தட்டு."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். நடுவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வரும்வரை காத்திருந்தோம். கடைசியில் டிரைவரின் பேசும் அளவைப் பூச்சியத்துக்கு இறக்கிவைத்தாள். "ஓம், இப்ப வாய் திறக்குதில்லை" என்றாள். அவளுக்கு நிம்மதி. எனக்கும்தான், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்வரைக்கும்.

கோப்பை அழித்தால் கொம்பியூட்டர் அதன் பெயரைத்தான் அழிக்கிறது. உள்ளே எழுதியது வட்டில் அப்படியே கிடக்கும், அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை. தெரிந்தவன் தோண்டி எடுப்பான். இதை நான் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். பதற்றத்தில் மறந்துபோனேன்.

அடுத்தநாள் திரும்ப எடுத்தேன்.

"மொடத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள்ள வை. டிரைவரின்ர வாயைத் திரும்ப முழுசாத் திற."

"நேற்றுத்தானே அக்கா மூடச் சொன்னனீங்கள்!"

"மொடம் இல்லாட்டி அதுக்குச் சொல்லக் கதை ஒண்டும் இல்லை. 'சாதனத்தைக் காணேல்லை, சாதனத்தைக் காணேல்லை' எண்டு எழுதிக்கொண்டே இருக்கும். வட்டு நிரம்பும்வரை எழுதட்டும். பழசெல்லாம் அதுக்குக் கீழ புதைஞ்சுபோகும்."

வதனி சிரித்துவிட்டாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

7

கொம்பியூட்டர் ஒரு பகலும் இரவும் புலம்பியது. மறுநாள் காலை ரவுணில் சுற்றிவளைப்பு. கந்தோருக்குள் ஆமி வந்தபோது திரை முழுக்க ஒரே வரி, மேலே மேலே ஓடிக்கொண்டிருந்ததாம். ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு மற்றவனிடம், "மேக்கட்ட பிஸ்ஸுத?" என்று கேட்டானாம். சிங்களத்தில், இதுக்கென்ன பைத்தியமா என்று அர்த்தம்.

"பழுது சேர். எந்த நேரமும் இப்பிடித்தான்" என்றாளாம் வதனி.

பைத்தியமானாலும் விடவில்லை. கொம்பியூட்டரையும் லாச்சிக்குள் இருந்த மொடத்தையும் கொண்டுபோனார்கள். வதனியை ஆமிக் காம்புக்கு வரச்சொல்லி நாள்முழுக்க வாங்குப் பலகையில் இருத்தினார்கள். அடுத்த கிழமையும் அப்படித்தான். மொடத்தை அனுப்பியது ஆர், ஜேர்மனியில் அக்கா என்ன செய்கிறாள், ஏன் சும்மா அனுப்பினாள். இதையே மாற்றி மாற்றிக் கேட்டார்களாம். செல்வராணி அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வட்டைத் தோண்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லையா, பார்க்கவேயில்லையா, இன்றுவரை தெரியாது. கொம்பியூட்டர் திரும்பி வந்தது. மொடம் வரவில்லை, மின்னஞ்சலும் அத்தோடு நின்றது.

அந்தக் கிழமைகளில் நான் வேலைக்குப் போய்வந்தேன், சமைத்தேன், ஆதவனை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

8

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. அந்த டிரைவரை என் சொந்த நேரத்தில் திருத்தினேன். சாதாரணமாக அது பேசாது. பிழை தேடுவதற்காகப் பேசவிட்டாலும், எத்தனை எழுத்துப் போனது என்று மட்டும் சொல்லும், என்ன எழுத்து என்று சொல்லாது. சின்ன வேலைதான். ஹார்ட்மனிடம் கொடுத்தேன்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் வேண்டாம். நாங்கள் வேறு தீர்வு வைத்திருக்கிறோம்" என்றார்.

அவர்களுடைய தீர்வைச் சொல்கிறேன். கோப்பு ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் பழைய பகுதி தானாக அழியும். எழுதுவது எழுதிக்கொண்டேயிருக்கும், வட்டு மட்டும் நிரம்பாது. "முறைப்பாடு வட்டைப் பற்றியதுதானே" என்றார். முறைப்பாட்டுக்கு எதிரே தீர்ந்தது என்று பதிந்தார். அடுத்த மூச்சில், "அந்தப் படம் வந்ததா?" என்று கேட்டார். என் தங்கை காம்பில் வாங்கில் இருந்த கிழமை அது. படம் வராது என்றேன். "பரவாயில்லை, ஏதாவது கடற்கரைப் படம் இருந்தாலும் போதும்" என்றார்.

அந்த மனிசன் கெட்டவரல்ல. ஆதவனின் பிறந்தநாளுக்குச் சொக்கலேட் கொடுத்து அனுப்புகிறவர். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. கெட்டவர் என்றால் ஒருமுறை காறித் துப்பிவிட்டு என் பாட்டில் போயிருப்பேன்.

பிறகு, இந்த நாட்டு வங்கி ஒன்று அதே மொடத்தைப் பாவித்து, தன் வாடிக்கையாளர்களின் பெயர்கள் கோப்பில் கிடப்பதைக் கண்டுபிடித்தது. சட்டத்தரணியின் கடிதம் வந்தது. காலையில் கடிதம், பின்னேரம் என் திருத்தம் வெளியே போய்விட்டது. மன்னாரிலிருந்து வந்தபோது அரசியலாக இருந்தது வங்கியிலிருந்து வந்தபோது அவசரமாகிவிட்டது. ஹார்ட்மன் எல்லோருக்கும் கேக் வெட்டினார். என்னை எழுப்பிக் கைதட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு வந்தது. கழிப்பறைக்குப் போய் அதைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினேன்.

9

போன கிழமை வதனி தொலைபேசி எடுத்தாள். சண்டை வெள்ளாங்குளத்தைத் தாண்டிப் போய்விட்டது. சனம் கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்து, அதற்கும் அப்பால் போகிறதாம். சுவிஸ் மாமனுக்கு எந்தச் செய்தியும் இல்லை.

"அக்கா, செல்வராணி அம்மா பக்கத்தில நிக்கிறா. உங்களோட கதைக்கவேணுமாம்."

தொலைபேசி கை மாறியது. அவர் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். பேச்சில் இன்னும் மலைநாட்டுத் தோட்டத்துச் சாயல்.

"புள்ள, அந்த மிசின் எல்லாத்தையும் எழுதி வச்சிருந்திச்சாமே. வதனி சொன்னிச்சு."

"ஓம் அம்மா."

"எம் மக சொன்னதெல்லாம் அதுல இருந்திச்சா?"

"இருந்தது அம்மா. ஆபத்து எண்டு அழிச்சுப்போட்டம்."

"அது சரிதான். நல்லதுதான் செஞ்சீங்க. ஒங்க ஆபீசுக்கு ஒரு துண்டு அனுப்புனதாச் சொன்னிச்சு. அது இருக்குமா? வதனி வாசிச்சா நான் கேட்டுக்குவேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்திச்சு, இப்பக் கொஞ்சம் கொஞ்சமா மாறிப்போகுது."

தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ஹார்ட்மனிடம் கேட்டேன். முறைப்பாட்டோடு வந்த எதையும் அழிக்காதவர். எத்தனையோ வருடத்துப் பழைய குப்பையெல்லாம் அவரிடம் இருக்கும். "அதுவா? வங்கிப் பிரச்சினைக்குப் பிறகு வாடிக்கையாளர்களின் பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்கும்படி சட்டத்தரணிகள் சொன்னார்கள். ஒன்றும் மிச்சமில்லை. சுத்தம்" என்றார். நான் மகிழ்வேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார்.

படிக்கட்டில் இருந்துகொண்டு மன்னாருக்கு எடுத்தேன். செல்வராணி அம்மா வதனியின் கந்தோரில் காத்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் இல்லை அம்மா. அழிச்சுப்போட்டினம். நான் அதை ஒருக்கா வாசிச்சனான். எனக்கு நினைவிருக்கிறதைச் சொல்லட்டோ?"

"சொல்லு புள்ள."

பங்கருக்குள் தண்ணீர் வந்ததைச் சொன்னேன். சின்னவனுக்குக் காய்ச்சல் என்றதைச் சொன்னேன். ஒன்றும் யோசிக்கவேண்டாம் என்றதையும், அந்தப் பெண் சொன்ன அதே சொற்களில், என்னால் முடிந்தவரை சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டார்.

"இது போன மாரிக்குச் சொன்னது, புள்ள" என்றார். "அதுக்குப் பொறவு எம் மக சொன்னது ஏதும் ஒங்ககிட்ட வந்திருக்கான்னுதான் கேட்டேன்."